ஜமீலா அக்கா கொடுத்த ரத்தம்

எலிக்கூண்டுகளில் பழைய உமியைக் கொட்டிப் புதிது போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வில்லியனூரில் ஜமீலா அக்கா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார் என்றார்கள். கடைசிக் கூண்டுவரை உமி போட்டு முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு, சோரியாங்குப்பத்திலிருந்து கூண்டு கழுவ வந்தவள் நான். முதல் வாரமே எலி ரத்தம் இருந்த குழாயைக் குலுக்கிவிட்டேன். அக்கா திட்டவில்லை. "குலுக்கினா அதுவா கட்டிக்கும்டி. நாம மருந்து ஊத்தினப்புறம்தான் கட்டணும். பாவம், அந்த எலி சும்மா செத்துச்சு" என்றார். காயம்பட்ட இடத்தில் ஒரு ரசாயனம் கசியும். அது பட்டதும் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே ரசாயனத்தை எலி ரத்தத்தில் ஊற்றிக் கருவியில் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. அணுக்கள் ஒட்டினால், கருவி தாளில் போடும் கோடு ஏறும்.

அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டி அடைக்காமலிருக்க, அந்த ரசாயனம் தட்டணுவில் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் போட்டார். "எலிக்குக் குடுக்கறதத்தான் எனக்கும் எழுதியிருக்காரு டாக்டர். நானும் ஒரு எலிதான்" என்று சிரிப்பார்.

போன மாதம், மாத்திரை கொடுத்த எலி, கொடுக்காத எலி எதன் ரத்தத்திலும் கோடு ஏறவில்லை. ரசாயனம் கெட்டதா, கருவி கெட்டதா என்று பார்க்க மனித ரத்தம் கொஞ்சம் தேவைப்பட்டது. "இன்னாடி, பதினெட்டு ஆயிடுச்சே, கையக் குடேன்" என்றார் அக்கா. ஊசிக்குப் பயந்து நான் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்ததும், "போடி பயந்தாங்கொள்ளி. ஒரு வாரம் மாத்திரைய நிறுத்திட்டு நானே குடுக்கறேன். மாத்திரை போட்டா என் ரத்தம் கட்டாது. சார்கிட்ட சொல்லிடாத" என்றார்.

நான் சொல்லவில்லை. "வேணாம்க்கா" என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டாம் நாள், அவர் ரத்தத்தில் கோடு விறுவிறுவென்று ஏறியது. "பாத்தியா, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். சார் பாராட்டினார். எலிகளில் ஏன் ஏறவில்லை என்பது இன்னும் தெரியவில்லை. அதற்கு மூன்றாம் நாள் காலை அந்தப் போன் வந்தது.

அவர் வீட்டில், "மாத்திரைய ஒருநாள்கூட வுட்டதில்லையேபா" என்று அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலோடு திரும்பிவிட்டேன். இதைப் படித்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கோடு விழுந்த தாள் என்னிடம் இருக்கிறது. அக்காவுடையதாக வேறெதுவும் இல்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில், தன் கையால் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறார்.