கலியபெருமாள் சுட்ட அட்டைகள்

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி எங்கள் ரைபிள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. வழக்கம்போல முதல் ஆளாகக் கலியபெருமாள் பெயர் கொடுத்திருந்தார். மறுநாள் காலை அதே குழுவில் அவர் இறந்துவிட்ட செய்தியும் வந்தது. வடக்குத்து கிராமத்தில் தன் வீட்டில் முகம் கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது ஆபீசில் இருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருக்கிற பழக்கம் அந்த மனிதருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

உங்களில் பலருக்கு அவரை நெய்வேலி நிலக்கரி மைன்ஸின் கன்வேயர் ஆபரேட்டராகத் தெரிந்திருக்கும். சிலருக்கு முந்திரித் தோப்புக்காரராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் பக்கத்து லேனில் படுத்துத் துப்பாக்கி சுட்டவர். நான் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருக்கிறேன். ஏதோ மோட்டார் விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் நின்றார். "மேடம், துப்பாக்கி சுட வர்றீங்களா?" என்று கேட்டார். டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்கிற அதே குரல். கிளப்பில் புதியவர்களுக்கென்று ஒரு போட்டி நடத்தப்போகிறார்களாம், ஆள் சேர்ந்தால்தான் நடக்குமாம். நாற்பதைத் தாண்டிய எனக்கு இது எதற்கு என்று சிரித்தேன்.

அவர் விடவில்லை. "ஓடச் சொல்லல, எகிறிக் குதிக்கச் சொல்லல. குப்புறப் படுத்துக்கினு சுடறது மேடம். நம்ம வயசுக்கு இதவிட நல்ல வெளையாட்டு எங்க இருக்குது, சொல்லுங்க." அந்த வாரமே பெயர் கொடுத்தேன்.

பாயின்ட் டூ டூ ரைபிள் என்று சொல்வார்கள். சின்னத் தோட்டா, பெரிய சத்தமும் இருக்காது, தோளில் உதையும் இருக்காது. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவே கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் பட்டால் பத்து. சொந்தத் துப்பாக்கி வேண்டியதில்லை, கிளப்பே கொடுத்தது. முதல் இரண்டு வகுப்புகளில் சுடவே விடவில்லை. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், விரல் எப்போது விசைக்குள் போகலாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவரோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. காக்கா சுடப் போறியா, கௌதாரி சுடப் போறியா என்று கேட்டார்கள். "அட்ட சுடப் போறன்" என்று இவரும் சளைக்காமல் சொல்வார். அவர் மனைவி வசந்தா என்னிடமே சொன்னார்: "கல்யாணம் ஆன நாளா வூட்டுல ஒரு எலி அடிச்சதில்ல மேடம் இந்த மனுசன். எலி வந்தா நாந்தான் தொடப்பத்தத் தூக்கிக்கினு ஓடணும். இப்ப துப்பாக்கியாம்!"

எங்கள் முதல் போட்டியில் நடந்ததை நெய்வேலிக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும், வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். மைன்ஸில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்பு ஹூட்டர், அதாவது எச்சரிக்கைச் சங்கு, அடிக்கும். அடித்தால் பெல்ட்டின் அருகே இருப்பவர்கள் கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அன்றைக்குப் போட்டி முறையாக நடக்க வேண்டும் என்று எங்கள் செயலாளர் எங்கிருந்தோ ஒரு ஹூட்டரை வாங்கி வந்திருந்தார். எல்லோரும் படுத்துக் குறிபார்த்துத் தயாராக இருந்தோம். சுடத் தொடங்கலாம் என்பதற்கு அடையாளமாக ஹூட்டர் அலறியது. ஆபீஸ்காரியான நான் சுட்டேன். பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் கலியபெருமாளும் மைன்ஸ்காரர்கள் இன்னும் இருவரும் துப்பாக்கியைப் பாயில் வைத்துவிட்டு, எழுந்து, நான்கடி பின்னால் போய்க் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

போட்டியை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த ரேஞ்ச் ஆபீசர் என்னவோ ஆபத்து என்று பயந்து போட்டியையே நிறுத்திவிட்டார். "என்னய்யா ஆச்சு?" என்று கத்தினார். கலியபெருமாள் நிதானமாகச் சொன்னார்: "ஹூட்டர் அடிச்சீங்களே சார், ஒதுங்கிட்டோம். எங்களுக்கு ஹூட்டர்னா ஒதுங்கறதுதான். நீங்க வாயால சொல்லுங்க, சுடறோம்." ரேஞ்ச் ஆபீசர் முறைத்தார், பிறகு அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றுவரை எங்கள் கிளப்பில் வாயால்தான் சொல்கிறார்கள்.

அன்று அவர்தான் கடைசி. அடுத்த மாதமும் கடைசி. அதற்கடுத்த மாதமும் அப்படியே. நான் அவருக்கு ஒரு படி மேலே இருந்தேன். ஒரு தகுதி மதிப்பெண் உண்டு, அதைத் தாண்டினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கலியபெருமாளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அதுதான். ரிட்டையர் ஆவதற்குள் ஒரு தடவையாவது ஸ்டேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு எப்படி இவ்வளவு தெம்பாகப் பேசுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நான் வேறு ரகம். படிக்கிற காலத்திலிருந்து முதல் வரிசையில் இருந்து பழகியவள். தோற்பதைவிட வராமலே இருந்துவிடலாம் என்று நினைப்பேன். சில மாதங்களில் போட்டிக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன், பயிற்சிக்கு மட்டும் போவேன். அவர் அதற்காக என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருநாள் துப்பாக்கியைத் தாங்கும் தோல் வாரைக் கையில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க பத்துக்கு சுடறீங்க மேடம், அதான் கோவம் வருது. நான் அட்டைக்கு சுடறன். அட்டையில பட்டாலே எனக்கு சந்தோசம்."

அப்படிச் சொன்னாரே தவிர, அவருக்கும் ஒரு வியாதி இருந்தது. ஒவ்வொரு குண்டு சுட்டதும் பக்கத்து ஸ்டாண்டில் இருக்கும் தொலைநோக்கியில் எட்டிப் பார்ப்பார். பத்து விழுந்திருந்தால் பதற்றம், ஏழு விழுந்திருந்தால் பெருமூச்சு. அடுத்த குண்டு கெட்டுப்போகும். போன வருடம் மழைக்காலம் முடிந்து நடந்த போட்டியில் நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பழகிப் பார்க்கும் குண்டுகளைச் சுட்டு, குறியைச் சரிசெய்துகொண்டதும், அந்தத் தொலைநோக்கியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். குறி நடுவில் விலகினால் அவருக்குத் தெரியவே தெரியாது. மொத்தமும் போய்விடும். அவருடைய ஸ்டேட் ஆசை அந்த ஒரு காரியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரோ தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்தவர் மாதிரி படுத்து, ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்தார்.

அட்டைகளை எண்ணும்வரை என்னால் நிற்க முடியவில்லை. எண்ணி முடித்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன், "தாண்டிட்டீங்க!" என்று. "தெரியும் மேடம்" என்றார். "எப்படித் தெரியும்? நீங்கதான் பாக்கவே இல்லையே?" என்று சண்டைக்குப் போனேன். "பாக்காததாலதாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு மூன்று தடவை போய் அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாநிலப் போட்டிக்குப் போனார். மாலையில் போன் வந்தது. ஜெயித்தவன் போடுகிற சத்தம். "மேடம், கடைசி! இத்தினி நாளா நெய்வேலியில கடைசி, இப்ப ஸ்டேட்டுலயே கடைசி! கடைசியா வர்றதுக்கும் அங்க போயிருக்கணும் இல்ல?" பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். வரும் வழியில் வடலூரில் இறங்கி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். தங்கம் வாங்கியவர்கள்கூட எங்கள் கிளப்பில் அப்படி ஊருக்கே கொடுத்ததில்லை.

துக்கத்துக்குப் போனபோது வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஞாயித்துக்கெழம சுடணும், சட்டைய தொவச்சிப் போடுன்னு சொல்லிக்கினு இருந்தாரு மேடம்" என்றார். வெளியே வந்து செயலாளரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டியை விட்டு ரொம்ப நாள் ஆகிறதே, ஸ்கோர் வருமா என்று அவர் தயங்கினார். "வராது. நீங்க எழுதுங்க" என்றேன்.

ஸ்கோர் வரவில்லை. முதன்முதலாகப் போட்டிக்கு வந்த ஒரு நர்ஸ் பெண், காலையிலிருந்து முகம் வெளிறிப்போய் நின்றவள், என்னைவிட ஒரு படி மேலே வந்தாள். கடைசிப் பெயராக என் பெயரைப் படித்தபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்தேன். இத்தனை மாதங்கள் கலியபெருமாள் அந்தக் கடைசி இடத்தில் படுத்திருந்ததால்தான் எங்களில் பாதிப் பேர் அடுத்த மாதமும் வந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கோபமே வரவில்லை.

அவருடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவருடைய துணிச்சலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தகுதி மதிப்பெண்ணுக்கு நான் இன்னும் நிறையத் தூரம் போக வேண்டும். போவேன். தாண்டுவேன். தாண்டி, ஸ்டேட்டுக்குப் போய், அங்கேயும் கடைசியாக வந்துவிட்டு, இனிப்போடு ஊர் திரும்புவேன்.