கருவாயன் சாப்பிடாத ஐந்து நாள்

கோவையில் மகன் வீட்டில் பேத்தி ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறாள். அதற்குப் பாடம் நடத்த வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பயிற்சியாளர் வருகிறார். ஒரு மணி நேரம் என்று பேச்சு. ஐம்பது நிமிடத்துக்கு மேல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் பிஸ்கட், எழுந்தால் பிஸ்கட், சும்மா இருந்தாலும் பிஸ்கட். போன செவ்வாய்க்கிழமை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவதை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, நீங்களும் ஒண்ணு குடுங்க. ஆரு கையில குடுத்தாலும் திங்கப் பழகோணுமுங்க."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். "அப்பாரு, பிஸ்கட்டுக்கெல்லாமா கோவிச்சுக்குவீங்க?" என்று பேத்தி பின்னாலேயே வந்து கேட்டாள். பிஸ்கட்டுக்காக யார் கோபித்துக்கொண்டார்கள்? யார் கையிலும் தின்னக்கூடாது என்று ஒரு நாயை முதல் வருஷம் முழுக்கப் பழக்கியவன் நான். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு அப்போது பத்து வயது. கொடுமுடிப் பக்கம் எங்கள் தோட்டம். அதற்கு முன் எங்களிடம் இருந்த இரண்டு நாய்களும் ஒரே மாதிரி செத்தன. மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருக்கும் நாட்களில் யாரோ விஷம் தடவிய கறித்துண்டை வீசினார்கள். முதல் நாயோடு ஆறு மூட்டை மஞ்சள் போனது, இரண்டாவதோடு நான்கு. மூன்றாவதாகச் சித்திரையில் ஒரு குட்டி வந்தது. வாய் மட்டும் கரி பூசியதுபோல் இருந்ததால் கருவாயன். அப்பா அதைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதற்கு முன் அவர் நாயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"இது உன்ற கையில மட்டுந்தான் திங்கோணும். நானே போட்டாலும் திங்கக்கூடாது. பழக்கிப்போடு."

பழக்கினேன். காலையில் ஐந்து, மாலையில் ஆறு என்று ராகிக்களி உருண்டைகளை மோரில் நனைத்து, என் உள்ளங்கையில் வைத்துத்தான் ஊட்டுவேன். வேறு யார் போட்டதிலாவது வாய் வைக்கப் போனால் மூக்கின் மேல் இரண்டு விரலால் ஒரு தட்டு. வலிக்காது, ஆனால் குட்டிக்கு அவமானமாக இருக்கும். ஈரோட்டிலிருந்து அம்மாவின் தம்பி வரும்போதெல்லாம் எலும்பு கொண்டுவந்து சோதிப்பார். அந்த வருஷம் ஒன்பது முறை வந்தார். முதல் நான்கு முறை கருவாயன் தோற்றது. ஐந்தாம் முறை எலும்பை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏனுங்க மச்சான், உங்க நாயி இன்னிக்கு விரதமுங்களா?" என்று மாமா கேட்டார். அப்பா சிரித்தார். அப்பா சிரித்த நாட்களை நான் தனியாகவே எண்ணி வைத்திருந்தேன் என்பதால் அது நன்றாக நினைவிருக்கிறது.

பதினோராம் மாதம், பங்குனியில், எனக்குச் சின்னம்மை போட்டது.

அம்மை போட்ட வீட்டின் சட்டங்களை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. முதல் தண்ணீர் ஊற்றும்வரை நான் வாசற்படி தாண்டக்கூடாது. வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது. தாளிக்கக்கூடாது, துணி வெளுக்கக்கூடாது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்பே போட்டு இறங்கியிருந்தது. அப்பாவுக்குப் போட்டதே இல்லை. அதனால் அம்மா அவரைக் களத்து மேட்டிலிருந்த சாளைக் குடிசைக்கு அனுப்பிவிட்டாள். என்னைத் தேடி வீட்டுக்குள் பாய்ந்துகொண்டே இருந்த கருவாயனையும் அங்கேயே கட்டிப்போட்டார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் சாளை வாசல் தெரியும். நடந்தால் ஐம்பத்திரண்டு எட்டு தூரம்.

முதல் நாள் அப்பா வைத்த உருண்டைகளை எறும்பு தின்றது. இரண்டாம் நாளும் அப்படியே. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தின்னுடா" என்று கத்தினேன். கருவாயன் என் குரல் கேட்டுக் கயிற்றை இழுத்ததே தவிர, உருண்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு மாதத்தில் வேண்டாம் என்பதை மட்டுமே அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அடுத்தவர் கையில் தின்னலாம் என்பதற்கு எங்களுக்குள் ஒரு சொல் இல்லை.

மூன்றாம் நாள், சாளையில் அப்பா பொங்கிய சோற்றையே அக்கா கையால் வைக்கச் சொல்லி அம்மா அனுப்பிப் பார்த்தாள். அக்கா திரும்பி வந்து, "தண்ணி மட்டும் குடிக்குது" என்றாள். ஒரே ஒரு தடவை என்னை விடுங்கள், ஊட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் அழுதேன். "ஆத்தா வந்து எறங்கியிருக்கறப்ப அப்படியெல்லாம் வெளிய போகக்கூடாது கண்ணு. இன்னும் நாலு நாள்ல தண்ணி ஊத்திப்போடலாம்" என்றாள். நாய்க்கு நாலு நாள் என்றால் என்ன என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை. நான் போட்டேன். ஒரு நாளைக்குப் பதினொன்றாக முப்பத்து மூன்று உருண்டை ஏற்கெனவே போயிருந்தது. இன்னும் நாற்பத்து நான்கு.

நான்காம் நாள் கருவாயன் கத்தவில்லை. ஐந்தாம் நாள் நான் கூப்பிட்டபோது எழுந்திருக்கவும் இல்லை, காதை மட்டும் அசைத்தது.

அன்று வெயில் தாழ்ந்த பிறகு அப்பா என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம்தான் பேசினார்.

"அவன் போட்டிருந்த சட்டையக் குடு சாமி."

"அம்மா வையுமுங்கப்பா. துவைக்கவே இல்லீங்க, கொப்புளத் தண்ணியெல்லாம் பட்டிருக்குது."

"துவைக்காததுதான் வேணும். குடு."

அக்கா கம்பி வழியாகக் கொடுத்துவிட்டாள். அப்பா என் சட்டையின் கைகளைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, மீதித் துணியை வலது கையில் சுற்றிக்கொண்டு நடந்தார். பெரிய மனிதர்கள் வந்தால்கூட நின்றபடியே பேசி அனுப்புகிறவர், நாயின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். கருவாயன் சட்டையை மோந்தது. வெகுநேரம் மோந்தது. பிறகு அவர் கையிலிருந்து தின்றது. ஒன்று, இரண்டு என்று பதினொன்றுவரை எண்ணினேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மை எரிச்சல் வேறு, இது வேறு. என் பதினோரு மாதத்தை ஒரு சட்டையை வைத்து ஏமாற்றிவிட்டார். நானே போட்டாலும் தின்னக்கூடாது என்று சட்டம் போட்டவரே அதைத் திருட்டுத்தனமாக உடைத்துவிட்டார். அந்த நாயும் வாலை ஆட்டுகிறது. நேராக அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா என் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அம்மா வாசலுக்கு ஓடினாள். "உங்களுக்கு இன்னும் போடவே இல்லீங்களே" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"கம்முனு இரு. பசியில கெடக்குது."

அம்மா நன்றாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது எனக்கு இரண்டாவது ஏமாற்றம்.

சட்டை கைமாறிய நாளிலிருந்து பதினைந்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வளர்ந்த ஆளுக்கு அம்மை போட்டால் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். கண்ணிமை, உள்நாக்கு, உள்ளங்கால், ஓர் இடம் பாக்கியில்லை. மூச்சு விடும் சத்தம் வாசல்வரை கேட்டது. மாமா ஈரோட்டிலிருந்து வந்தார், இந்த முறை எலும்பு இல்லாமல். அம்மாவோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார். நான் மட்டும் தெளிவாக இருந்தேன். சட்டையைத் திருடியதற்கு ஆத்தா கொடுத்த தண்டனை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் கிடந்த அதே அறையில் அவர் பத்தொன்பது நாள் பாயில் கிடந்துதான் எழுந்தார். எனக்குப் போட்டு இறங்கிவிட்டதால் அந்த அறைக்குள் நான் தாராளமாகப் போகலாம். ஒரு நாளும் போகவில்லை. கருவாயனை மறுபடி முதலிலிருந்து பழக்கும் வேலை எனக்கு இருந்தது. தினமும் காலையில் அதற்கு ஊட்டிவிட்டு அந்த ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும். தொண்டை புண்ணாகியிருந்ததால் பாதிதான் கேட்கும்.

"தின்னுச்சா கண்ணு?"

"அஞ்சுங்க" என்பேன். வேறு ஒரு சொல் பேசமாட்டேன். உள்ளே அவர் ஜன்னல் பக்கம் புரளும்போது பாய் சரசரக்கும். நான் நடந்துவிடுவேன்.

பத்தொன்பது நாளும் கேட்டார், பத்தொன்பது நாளும் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். அவர் நாயைப் பற்றித்தான் கேட்கிறார், என்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.