புற்றின் மேலிருந்து ஒரு ரிங்

நேற்று மத்தியானம் வேங்கிக்காலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது என் போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. ஏதாவது லோன் கம்பெனியாகத்தான் இருக்கும். இந்தக் காலத்தில் யார் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள்? ஆனாலும் பதறிப்போய்ப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதற்றம் பழையது.

காலேஜில் படித்தபோது மாணவர்கள் சிலர் சேர்ந்து தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு உதவப் போனோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, அலமாரி செய்து புத்தகம் அடுக்குவது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது. உலகத்தையே தூக்கி நிறுத்தப்போகிற நினைப்பு எனக்கு. திருவண்ணாமலையைத் தாண்டித் தனியாக பஸ் ஏறியதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்பென்னாத்தூரில் இருந்த அம்மாவுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு. தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் ஒரு ரிங் விடவேண்டும், அவள் எடுக்கக் கூடாது. ரிங் வந்தால் நான் சௌக்கியம். "எடுத்தா உனக்குத் துட்டு ஜாஸ்தி போவும் பாப்பா, எடுக்கவே மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

அங்கே சிக்னல் கிடைத்த ஒரே இடம், பள்ளிக்குப் பின்னால் ஆளுயரம் நின்ற கரையான் புற்று. நம்மூரில் புற்றைக் கண்டால் மஞ்சள் குங்குமம் வைத்துச் சுற்றிவருவோம், மேலே ஏறுவோமா? செருப்பைக் கழற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றி, "மன்னிச்சிக்கோ தாயே" என்றபடி ஏறுவேன். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் நீமா விழுந்து விழுந்து சிரிப்பார். மிஸ்டு காலை மட்டும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டாம், பெயர்தான் 'பீப்'.

அப்புறம், என் கூட வந்த சிநேகிதி செல்விக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்தியிருந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நீமா டீச்சர் ஒரு லாரியை மறித்து எங்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே எண்ணம். புற்றை மிதித்தது நான், படுத்தது இவள். நான் சயின்ஸ் படித்தவள்தான், சிரிக்காதீர்கள்.

போனில் சார்ஜ் போய், இரண்டு நாளாக அம்மாவுக்கு ரிங் விடவில்லை என்பது செல்வி கண் திறந்து கஞ்சி கேட்ட பிறகுதான் உறைத்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே படபடப்பு ஜாஸ்தி.

கிராமத்துக்குத் திரும்பியதும் புற்றின் முன்னால் போய் நின்றேன். ஏறப் பயம், ஏறாமலிருக்க அதைவிடப் பயம். ஏறினேன். ரிங் போனது. நான் கட் செய்வதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பஸ் ஹாரன் சத்தம், யாரோ சுக்குக்காப்பி விற்கிற குரல்.

"பாப்பா?"

"அம்மா..."

"ஐயயோ, கைதவறி எடுத்துட்டேன்டி! துட்டு போவுது, வெச்சிடு, வெச்சிடு!"

வைத்துவிட்டாள். புற்றின்மேலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன்.

வீட்டில் டவர் சரியில்லையோ என்று, போனைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு சாயங்காலமும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி, எனக்காக வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றியிருக்கிறாள். "நீ அம்மானு சொன்னது காதுல வுழுந்துச்சி, போதும்னு மிச்ச தூரத்தையும் நடந்துட்டேன்" என்றாள் பிறகு. புற்று விஷயத்தைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது எந்தத் தேசத்திலிருந்தும் பிள்ளைகள் வீடியோவில் முகம் காட்டுகிறார்கள். அம்மா போய்விட்டாள். இன்றைக்கும் வெளியூர் போய்ச் சேர்ந்தால் கை தானாக அந்த நம்பரைப் போடுகிறது. ரிங்கே போவதில்லை. உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் உடனே எடுத்துப் பேசுகிறாள். எடுக்கக் கூடாது என்று அவளிடம் யார் சொல்வது?