வாசல் கல்லில் மூன்றாவது பெயர்

எங்கள் ஊர் வேதக்கோயிலை வெள்ளைக்காரத் துரை கட்டியதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலிக்கன் மிஷன் கொடுத்தது மேலே போட்ட ஓடும் ஒரு மணியும் மட்டுமே. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கல் சுமந்தவர்கள் எங்கள் சேரி ஆட்கள். 'கல் சுமந்த சபையார்' என்று ஒன்பது பேரின் பெயரை ஒரு கல்லில் வெட்டி, வாசல் பக்கத்துச் சுவரில் பதித்திருந்தார்கள். மூன்றாவது பெயர் என் தாத்தாவுடையது. ஞாயிறுதோறும் அப்பா அந்த வரியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

அதே அப்பாதான் பள்ளிக்கூடத்தில் என்னை இந்து என்று எழுதிக்கொடுத்தார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இரண்டு பெயர். கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. ஞானஸ்நானம் வாங்கினால் பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடும். சாதி மட்டும் போகாது.

ஊர்த்தெருக்காரர்கள் தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிப்போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நான் வேதக்காரி என்று மொட்டைக் கடிதாசு போட்டார். வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வருகிறார் என்றதும் நான் தாத்தா பெயரைப் பூசி மறைக்கச் சுண்ணாம்பு வாளியோடு கோயிலுக்கு ஓடினேன். அப்பா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்ல தொடாதம்மா. அவுரு இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடறேன். என்ன நம்பு."

நம்பினேன். மறுநாள் ஆய்வாளர் கல்லைப் படித்துக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இது யாரு? ஒங்க சொந்தமா?"

தெரியாது என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கல்லைப் பார்த்தார்.

"எங்கப்பாருங்க. அவுரு சொமந்த கல்லுங்க இதெல்லாம்."

இடம் போயிற்று. நான் கரும்பு வெட்டப் போனேன். செத்துப்போன அப்பனுக்காக உயிரோடு இருக்கிற மகளைக் கைவிட்ட மனிதரோடு இரண்டு வருஷம் பேசவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பிற்பாடு சபை கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியது. வாசலில் கருப்பு கிரானைட், அதில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். பழைய கல்லைக் காணவில்லை. கண் மங்கிப்போன அப்பா தேடித் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அதைத் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். அப்பா குனிந்து சோப்பு நுரைக்குள் கையை விட்டு மூன்றாவது வரியைத் தடவினார். எழுத்து பாதிக்குமேல் தேய்ந்துபோயிருந்தது.

"இதுக்காம்மா ஒன்ன வுட்டேன்?"

"ஆமாப்பா, இதுக்குத்தான்" என்றேன். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.