செக்போஸ்ட் அக்கா வாசலை விட்ட கதை

செக்போஸ்ட் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் வைத்திருப்பார்கள். அக்கா முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை அவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் விதத்திலேயே பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கண்களோடு, பாட்டுப் புத்தகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆலய வாசலில் நிற்பார்.

யாரையும் அவர் வாய் திறந்து போகச் சொன்னதில்லை. விவாகரத்தான தையல்காரம்மாவிடம், "பின் வரிசையில உட்காருங்களேன்," என்றார். கை முழுக்கப் பச்சை குத்தியிருந்த ஓர் இளைஞனிடம், "முழுக்கைச் சட்டை இல்லையா தம்பி?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் அவருடைய சொந்தத் தம்பியே வந்தான், தன்னோடு வாழ்ந்துவந்த மனிதரையும் அழைத்துக்கொண்டு. இருவரும் சேர்ந்து சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். கணவன் மனைவி மாதிரிதான் குடித்தனம் என்பதும் ஊரறிந்த விஷயம். அக்கா தம்பியிடம் மட்டும் புத்தகத்தை நீட்டி, "நீ உள்ள வா. அவர் வேண்டாம்," என்றார். தம்பி புத்தகத்தை வாங்கவில்லை. வந்த இருவரும் சேர்ந்தே திரும்பிப் போனார்கள்.

போன வருடம் புதிதாக ஓர் ஆயரம்மா வந்தார். முக்கால்வாசி காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"அக்கா, வர்றதை நிறுத்தினவங்க யார் யாருன்னு கேட்டா, எல்லாரும் உங்களைத்தான் கைகாட்டுறாங்க."

ஞாபகசக்தியைப் புகழ்கிறார் என்று நினைத்த அக்கா கடகடவென்று ஒப்பித்தார். பதினேழு பேர்.

"இத்தனை பேரும் வாசலோட திரும்பிப் போனவங்களா?"

அக்காவுக்குப் புரையேறியது.

"நான் போய்க் கூப்பிட்டா, புது ஆயர் ஆள் சேர்க்குறாங்கன்னு நினைப்பாங்க," என்றார் ஆயரம்மா. "நீங்க போனாதான் நம்புவாங்க."

ஒரு வாரம் அக்கா அந்தப் பதினேழு பேரையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் தையல் கடைக்குப் போய் நின்றார். அக்கா மன்னிப்புக் கேட்டு ஆலயத்துக்குத் திரும்பக் கூப்பிட்டதை, தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே முழுவதும் கேட்டார். பிறகு ஊசிகளை எடுத்துவிட்டு, "முன் வரிசைன்னா வர்றேன்," என்றார். வந்தார். பச்சை குத்திய இளைஞன் இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, அக்கா வந்து கூப்பிட்டதும் சிரித்துவிட்டான். நான்கு பேர் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அக்கா அதையும் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசிவரை தள்ளிப்போட்டது சைக்கிள் கடையைத்தான்.

அவர் போனபோது தம்பி கடையில் இல்லை. அந்த மனிதர் மட்டும் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தின் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது தப்பு," என்றார் அக்கா, நின்றபடியே.

"தப்புதான்," என்றார் அவர். பிறகு கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். "உட்காருங்க. வந்துடுவான்."

தம்பி வந்தான். அக்காவைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீ நிக்கிற வாசல்ல இன்னொரு தடவை வந்து நிக்க நான் தயாரா இல்லக்கா."

"அப்ப நான் நிக்கல," என்றார் அக்கா. வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படிச் சொல்லும் உத்தேசமே அவருக்கு இல்லை. சொன்ன பிறகு மனசு லேசாக இருந்தது.

அந்த ஞாயிறு முதல் வாசலில் நின்று தையல்காரம்மாதான் பாட்டுப் புத்தகம் கொடுத்தார். அக்கா உள்ளே உட்கார்ந்து, வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். தம்பி வரவில்லை. மூன்றாவது வாரம், முதல் பாட்டு முடியும் நேரத்தில் தம்பியும் அந்த மனிதரும் வந்தார்கள். அக்கா நகர்ந்து இடம் விட்டார். பின்னால் இருந்த பெரியவர் ஒருவர், "யாரை வேணும்னாலும் உள்ள விட்டுடுறதா?" என்று முணுமுணுத்தார். அக்கா திரும்பினார். பேருந்தின் கடைசி சீட்டு வரை கேட்ட குரல் அது.

"இங்க யாருய்யா டிக்கெட் எடுத்து வந்திருக்கோம்? நீங்க எடுத்தீங்களா? காட்டுங்க பார்ப்போம்!"

பெரியவர் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஜெபத்தை ஆரம்பிக்கப் போன ஆயரம்மா, சபையில் எழுந்த சிரிப்பு அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் தாமதித்தார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது அக்காவுக்கு ஒரு சங்கடம். ஒன்பது வருடமாக அந்த மனிதரை "அந்த ஆளு" என்றே சொல்லிப் பழகிவிட்டார்.

"உங்களை நான் என்னன்னு கூப்பிடறது? மாப்பிள்ளைன்னு கூப்பிடட்டா?"

அவர் காது வரை சிவந்தார். தம்பிதான் பதறினான்.

"அக்கா, வேண்டாம்! இப்பவே இவரு வீட்டுல ஒரு டம்ளர் கழுவறதில்ல. மாப்பிள்ளை முறுக்கு வேற சேர்ந்தா நான் எங்க போவேன்?"

"அது உன் பாடு," என்றார் அக்கா. மாப்பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொண்டு, இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.