சாய்ந்து தொங்கிய ஈயக்குண்டு

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னியுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன்.

எங்கள் ஊர்க் கடலோர ஏரியான களப்பின் ஆழத்தை அளக்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். என் மச்சானின் படகு. எஞ்சினும் அவர் கையில். நான் ஒரு பெட்டிக்குக் குடை பிடித்தேன். படகு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அந்தப் பெட்டிதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆழக் கணக்கு பிழைக்கும். காலையில் கரையோரம் படகை அசையாமல் நிறுத்தி, பெட்டிக்குக் 'கீழே' எது என்று படிக்க விட்டார்.

"கீழ எதெண்டு என்ட சின்ன மகளுக்கும் தெரியும் மிஸ். இதுக்கு ஒரு பாடமா?" என்றார் மச்சான்.

"ஓடுற படகில அது லேசில்ல நானா." எங்கள் இருவரையும் மிஸ் அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிட்டார்.

பெட்டி மறுநாள் பின்னேரம் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் களப்பின் குறுக்கே ஏழு நேர்கோடுகளில் படகை ஓட்டி அளந்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் நீண்ட வளைவாகத் திரும்பினோம். வெயிலில் கண் சொருகியது. வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டிக் கூரைக் குழாயில் தொங்கவிட்டிருந்தேன். என் வீட்டுச் சுவருக்கு மேசன் தூக்குக்குண்டைத்தான் நம்பினார்.

இரண்டாவது கோடு முடிந்து திரும்பும்போது நூல் சாய்ந்து நின்றது. கையிலிருந்த தேத்தண்ணியும் கோப்பையில் ஒரு பக்கம் ஏறி நின்றது. பெட்டிதான் சரிந்துவிட்டதென்று நினைத்தேன். திருகாணியைத் தளர்த்தி, பழைய செருப்புத் துண்டொன்றை அடியில் செருகி, நூலுக்கு நேராக்கினேன். அடுத்த திருப்பங்களிலும் அப்படியே, கூட்டியும் குறைத்தும். முன்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்ட நேரம் மிஸ் தன் தலையில் கை வைத்தார்.

"மூணாம் கோட்டிலயிருந்து களப்பின்ட அடி முழுக்க ஒரு பக்கம் சரியுதே!"

"களப்புக்கு ஒரு கால் குட்டையாப் போச்சோ?" மச்சான் சிரித்தார்.

மிஸ் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிழையைத் தன்னுடையதென்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

"மிஸ், நான்தான் பெட்டியத் தொட்டேன்," என்றேன். செருப்புத் துண்டைக் காட்டினேன்.

அவர் ஏசவில்லை. "படகு திரும்பக்குள்ள குண்டு வெளிப்பக்கம் போகும் நானா. தேத்தண்ணியும் அதோட சேர்ந்துதான் சாயும். பெட்டி சரியாத்தான் இருந்திச்சு. எந்தத் திருப்பத்தில எவ்வளவு செருகினீங்க?"

"ஞாபகமில்ல மிஸ்."

"அப்ப திருத்த ஏலாது. திரும்ப ஓடத்தான் வேணும்."

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நூலை அறுத்துக் குண்டைச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டேன். கரை வரும்வரை அது தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுகையோடு புறப்பட்டோம். மூன்று கோடுகள் ஓடினோம். பத்து மணிக்குக் காற்று எழும்பியது, கரைக்குத் திரும்பினோம். பின்னேரம் வான் வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு கோடுகள் அளக்கப்படவில்லை.