இரண்டு கையாலும் வாங்கிய சிலுவை

சாமிப்படத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை இருக்கிறது. இது ஏன் இங்கே என்று முந்தியெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். மனைவி போனபிறகு கேட்க ஆளில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

அது என் முதல் வீட்டுக்காரருடையது. நான் அகதியாக வந்து பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் செய்த காலத்தில், இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். ஜெர்மன்காரர், கலியாணம் கட்டாதவர். கதவுமணி அடித்தால் அது தபால்காரர்தான். ஞாயிறு காலைகளில் குசினியில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போடுவார். நொண்டி நொண்டி நடந்த என் ஆங்கிலத்துக்காக மெதுவாகப் பேசுவார்.

அப்படியொரு ஞாயிறுதான் சிலுவையைக் கொண்டுவந்தார். ஜெர்மனி ஒரே நாடாகாமல் துண்டு துண்டு அரசுகளாகக் கிடந்த காலத்தில், அதில் ஒரு குட்டி அரசு அவருடைய பூட்டனின் தகப்பனுக்குக் கொடுத்த விருதாம். அரசனின் கதிரை சூடாவதற்குள் அரசே போய்விட்டது, விருதும் அதோடு சரி. ஆனால் அதற்கொரு விதி இருந்தது. பெற்றவர் செத்தால் குடும்பம் அதை அரசிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் செத்தபோது வாங்கிக்கொள்ள அரசு இல்லை. "இது எங்களுடையதல்ல" என்று தகப்பன் மகனுக்குச் சொல்லிச் சொல்லி இவர்வரை வந்துவிட்டது. இவருக்குச் சொல்லப் பிள்ளையில்லை. அந்தக் கவலை மனுசனை அரித்தது. மியூசியத்துக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"அங்கே வைக்கலாம். திருப்பிக் கொடுப்பதென்றால் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றார்.

பார்க்கச் சொல்லித்தான் என்னிடம் நீட்டினார். எனக்கு அது விளங்கவில்லை. வயதானவர் ஒன்றை நீட்டினால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போகும். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, கோயில் பிரசாதம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. பிழை விட்டேனாக்கும் என்று பயந்து திருப்பி நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்லை. நீ ஏற்றுக்கொண்டுவிட்டாய்."

பிறகு முதுகை நிமிர்த்தி, ராசாவுக்கு முன்னால் நிற்பதுபோலத் தலையைத் தாழ்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டதும் அடங்கிவிட்டது. சொந்த நாட்டைவிட்டு ஓடிவந்த நான், ஒரு காலைப்பொழுது அந்த மனுசனுக்கு நாடாக நின்றிருக்கிறேன். அந்தப் பனிக்காலத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் பாதிரியாரும் நானும்தான் நின்றோம்.

இனி மாசக்கணக்குத்தான் என்று டொக்டர் சொன்னதிலிருந்து எனக்கும் அந்த ஜெர்மன்காரரின் கவலை தொற்றிவிட்டது. போன கிழமை மகள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்தாள். லண்டனைக் குறுக்கே கடந்து வரவேண்டும், பாவம். டொக்டர் கதையைச் சொல்லவில்லை. சிலுவையின் கதையை முழுதாகச் சொல்லி, அதை நீட்டினேன்.

"எனக்குப் பிறகு இது உன்னட்டை இருக்கட்டும் பிள்ளை."

இரண்டு விரலால் எடுத்து லைட்டில் பிடித்துப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு அப்பா. பட், என்ர பிளாட்டிலை இதை எங்கை வைக்கிறது? நீங்களே வைச்சிருங்கோ. ட்ரெயினுக்கு நேரமாகுது, வாறன்."

ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாகச் செய்ய முடியாமல் தவித்த காரியம். அவள் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் இரண்டு கையாலும்தான் வாங்கினேன். கதவு சாத்தின சத்தம் கேட்டபிறகு, விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வைத்தேன்.